ஆறு மூட்டை அரிசியும் ஒரு சிவப்புக் காரும்

பெட்ரோலை நம்பிக் கார் ஓட்டுகிறவர்கள் உண்டு. கடவுளை நம்பி ஓட்டுகிறவர்கள் அதைவிட அதிகம். புழுங்கலரிசியை நம்பிக் கார் ஓட்டிய ஒரே மனிதர் எங்கள் மூட்டையண்ணன்தான். சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன்.

இதைத் தஞ்சாவூரில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் கனடாவில், மூக்கு முடிகூட விறைத்துப்போகும் ஓர் ஊரில், நாங்கள் நான்கு பேர் ஒரே வீட்டில் குடியிருந்தோம். நால்வரும் தஞ்சாவூர்ப் பக்கம். அண்ணன் நீடாமங்கலத்துக்காரர், எனக்கு ஐந்து வயது மூத்தவர். ஊரில் சொந்த டிராக்டரில் சேற்றுழவு ஓட்டியவர், அங்கே ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். அவருடைய நிஜப் பெயரை வாடகைப் பத்திரத்தில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

ஐப்பசி மாதம் ஒரு நாள், சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாசலில் வந்து நின்றது. இரண்டே இருக்கை. உயரம் என் இடுப்புக்குக் கீழே. அண்ணன் அதிலிருந்து இறங்கினார் என்று சொல்ல முடியாது, ஏறித்தான் வெளியே வந்தார். பனி விழுவதற்குள் தலைமுழுகிவிட வேண்டும் என்று பழைய சொந்தக்காரர் வந்த விலைக்குத் தள்ளிவிட்டிருந்தார். காரணம் இருந்தது. அந்தக் காரில் எஞ்சின் முன்னால், அதன் இழுவை முழுக்கப் பின்சக்கரத்துக்கு. பின்பக்கமோ இலேசு. பனியில் பின்சக்கரம் பிடிப்பில்லாமல் வெறுமனே சுற்றும், வண்டி வாலை ஆட்டும்.

"அண்ணே, இது பனிக்கு ஆகாதுண்ணே" என்றேன்.

"ஏன் தம்பி, நம்ம டிராக்டர் என்ன முன்சக்கரத்துலயா உழுவுது? முழங்கால் சேத்துல ஓட்டினவன் நான். பனி என்ன பனி, வெள்ளச் சேறு. அவ்வளவுதானே?"

பனிக்கால டயர் வாங்கப் போன கடையில், சேற்றுழவுக்கு மாட்டும் இரும்புச் சக்கரம் கிடைக்குமா என்று படம் வரைந்து காட்டிக் கேட்டிருக்கிறார். கடைக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எந்தப் போருக்குப் போகிறீர்கள் என்று கேட்டாராம்.

பின்பக்கம் கனமாக இருந்தால் சக்கரம் பிடிக்கும் என்பதால், அந்த ஊரில் மணல் மூட்டை வாங்கி டிக்கியில் போடுவார்கள். அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. "மண்ணைக் காசு குடுத்து வாங்கறதா? அரிசி வாங்கினா பாரத்துக்குப் பாரம், சோத்துக்குச் சோறு" என்று ஒன்பது கிலோ பையாக ஆறு பை வாங்கி டிக்கியில் அடுக்கினார். பக்கத்தில் ஒரு மஞ்சள்தூள் பாக்கெட். அதுவும் பாரத்துக்காம். மூட்டையண்ணன் என்ற பெயர் அன்றைக்கு வைத்ததுதான்.

அதிலிருந்து எங்கள் வீட்டு அரிசிப்பானை காரின் டிக்கிதான். உலை வைத்துவிட்டு, கோட்டு, தொப்பி, கையுறை, காலணி எல்லாம் மாட்டிக்கொண்டு போய் இரண்டு ஆழாக்கு அளந்து வர வேண்டும். வானிலை அறிக்கையை நாங்கள் சாப்பாட்டுக்காகப் பார்த்தோம். "நாளைக்குப் பனி கொட்டுமாம். இன்னைக்கு ஒருத்தரும் சோறு கேக்கப்படாது, உப்புமாதான்" என்பார் அண்ணன். ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்த நண்பர் சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று சுற்றும் சளைக்காமல் போனார். மறுநாள் கார் வழுக்கிப் பக்கத்து வீட்டு வேலியில் செல்லமாக முட்டியது. "அவன் ரசத்துக்கு மறுசோறு கேட்டப்பவே எனக்குப் பக்குன்னுச்சு" என்றார்.

ஆனால் ஓட்டுவதில் அவரைக் குறை சொல்ல முடியாது. காலணியைக் கழற்றிவிட்டு வெறும் காலுறையோடுதான் ஓட்டுவார், அழுத்தம் பாதத்துக்குத் தெரிய வேண்டும் என்பார். சறுக்கினால் பதற மாட்டார், பிரேக்கை மிதிக்க மாட்டார். வால் போகிற பக்கமே ஸ்டீயரிங்கை லேசாகக் கொடுத்து, "சரி சரி, வா வா" என்று மாட்டிடம் பேசுகிற மாதிரி பேசுவார். கார் வந்துவிடும். ஒரு தடவை போலீஸ்காரர் நிறுத்தி, டிக்கியைத் திறக்கச் சொல்லி, இதெல்லாம் விற்கவா என்று கேட்டார். "ரோட்டுக்குப் பாதி, ராத்திரி சாப்பாட்டுக்குப் பாதி" என்று அண்ணன் அவருக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்ல, அவர் ஒன்றும் எழுதாமல் நோட்டை மூடிவிட்டார்.

இத்தனை கூத்திலும் ஒரு விஷயத்தில் விளையாட்டே கிடையாது. அரிசி தரையில் சிந்தக் கூடாது. களையும்போது நாலு அரிசி மணி தொட்டியில் போய்விட்டால் அண்ணன் அதைக் கையால் பொறுக்கிப் பானையில் போட்டுவிட்டு, அன்று முழுக்க எங்களோடு பேச மாட்டார்.

அந்தத் தை மாதம் கும்பகோணத்தில் எனக்குக் கல்யாணம். ஆவணியில் நடக்க வேண்டியது, லீவு கிடைக்காமல் தள்ளிப்போனது. வரப்போகிற மாமனார் போனில் சுருக்கமாகச் சொல்லியிருந்தார்: "இந்தத் தடவையும் மாப்பிள்ளை வரலைன்னா, நாங்க வேற இடம் பாத்துக்கறோம்." எட்டு மாதமாக அந்தப் பெண்ணோடு போனில் பேசியிருந்தேன். அவளை விட்டுவிட்டு எனக்கு வேறு வாழ்க்கை இருப்பதாகத் தோன்றவில்லை. கையில் இருந்தது ஒரே ஒரு டிக்கெட்.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். அங்கே இருந்த வழியும் மூடிப்போனது. இரண்டு நாள் விடாமல் பனி. மூன்றாம் நாள் காலை வானம் வெளுத்தது, விமானம் கிளம்பும் என்று செய்தி வந்தது, டாக்ஸிதான் ஒன்றும் வரவில்லை. "கெளம்பு தம்பி" என்றார் அண்ணன், காலணியைக் கழற்றியபடி. டிக்கியில் அரிசி இருந்ததால் என் பெட்டி என் மடியில். பெட்டிக்கு அந்தப்பக்கம் சாலை இருந்தது என்பது கேள்விஞானம்தான்.

நெடுஞ்சாலையைச் சுத்தம் செய்திருந்தார்கள். எங்கள் தெருவிலிருந்து அதற்கு ஏறும் சின்ன மேட்டில் பின்சக்கரம் சிக்கிக்கொண்டது. அண்ணன் எஞ்சினை முறுக்கவில்லை. "முறுக்கினா பள்ளந்தான் தோண்டும்" என்று இறங்கிக் கையால் பனியைத் தள்ளினார். நான் பின்னாலிருந்து தள்ளினேன். காருக்குள் கிடந்த மிதியடியைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தோம், அது பறந்து போய் ஒரு புதரில் விழுந்தது. மணி ஓடிக்கொண்டிருந்தது. மணல் மூட்டை வைத்திருந்தவனாக இருந்தால் ஒன்றைப் பிரித்துக் கொட்டியிருப்பான்.

"அண்ணே, அரிசியைக் கொட்டலாம்ணே."

"என்ன சொன்ன?"

"நம்ம ஊர்ல ரோட்டுல நெல்லைக் காயப்போட்டு, அது மேல பஸ்ஸே ஏறிப் போகுதேண்ணே!"

"அது நெல்லு. மேல உமி இருக்கு. இது அரிசி. சக்கரத்துல போட்டு அரைக்கறதா? எங்க அப்பா செருப்போட களத்துல ஏற மாட்டார்டா."

பனியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அண்ணன் என்னைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார். டிக்கியைத் திறந்து ஒரு பையைக் கிழித்தார். இரண்டு கை அரிசி எடுத்து, மஞ்சள்தூளைத் தூவி, கொஞ்சம் பனியை விட்டுப் பிசைந்தார்.

"எந்திரி. கெழக்கப் பாத்து நில்லு."

"எதுக்குண்ணே?"

"அரிசி தரையில விழலாம்னா அது ஒரே ஒரு எடந்தான். கல்யாணம். அட்சதைன்னு போட்டா குத்தமில்ல."

"அட்சதைக்குப் பச்சரிசிதானேண்ணே?"

"ஆபத்துக்குப் பாவமில்ல, பேசாம நில்லு."

நின்றேன். விறைத்த விரல்களால் மஞ்சள் அரிசியை என் தலையில் போட்டு, "ரெண்டு பேரும் நல்லா இருங்க" என்றார். பிறகு ஒரு சக்கரத்துக்கு ஒரு பை என்று கொட்டி, காலிப் பைகளை அதன்மேல் விரித்தார். அரிசியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். "சரி சரி, வா வா." சக்கரம் ஒரு தரம் நறநறத்தது, பிடித்தது, கார் மேட்டில் ஏறியது. நான் பின்னாலேயே ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

கவுன்டரை மூடப் பத்து நிமிஷம் இருந்தது. பலகையை எடுக்க வந்த பெண் என் தலையில் மஞ்சளைப் பார்த்துவிட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டாள். விமானம் மேலே போனதும் சிரித்தேன். பக்கத்து இருக்கைக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

தஞ்சாவூர் வந்து சேர்ந்ததும் போன் செய்தேன். நான் பேசுவதற்கு முன்னால் அவரே சொன்னார்: "தம்பி, திரும்பறப்ப எறங்கிப் பாத்தேன். பேர் தெரியாத குருவியா வந்து குமிஞ்சிருக்கு. ஒரு மணி அரிசி வீணாகல." அந்தக் குரலில் இருந்த நிம்மதி, எனக்கு விமானத்தில் இருந்த நிம்மதிக்குக் குறைந்ததல்ல.

முகூர்த்தத்தில் மண்டபமே எழுந்து அட்சதை போட்டது. லீவு கிடைக்காமல் வர முடியாத அண்ணனின் அந்த ஒரு கையைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். கதையை அன்று மாலையே என் மனைவியிடம் சொன்னேன்.

அண்ணன் இன்னும் அங்கேதான், அதே காரோடு. ஊருக்கு வந்தால் எங்கள் வீட்டில் ஒரு வேளை சாப்பாடு உண்டு. மற்றவர்களுக்குப் பரிமாறும்போது "போதுமா?" என்று கேட்கும் என் மனைவி, அவர் இலைக்கு வரும்போது மட்டும் கேட்பதே இல்லை, போட்டுக்கொண்டே இருக்கிறாள்.