இலைக்கு மேல் ஒரு கை

படித்தவன் மடையனாக அதிக நேரம் தேவையில்லை. எனக்கு ஒரு மதியப் பந்தி போதுமானதாக இருந்தது.

அப்போது பெங்களூரில் ரோபோ செய்யும் நிறுவனமொன்றில் வேலை. கையசைவைப் பார்த்தே புரிந்துகொண்டு பரிமாறும் ரோபோ ஒன்றைச் செய்திருந்தேன். இலைக்கு மேல் யாராவது கையை விரித்தால், ‘போதும்’ என்று அர்த்தம் எடுத்துக்கொண்டு, முகத்திரையில் சிரித்துவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்துவிடும். ஆபீஸ் கேன்டீனில்தான் பழக்கினேன். (அங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான். என் புத்தியும் அதோடு நின்றுவிட்டது.)

தங்கை சுதாவின் நிச்சயத்துக்கு அதைக் கோவை மண்டபத்துக்கே கொண்டுவந்தேன். பல்லடத்து மாப்பிள்ளை, அவளுக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. சாப்பிட்டதும் மூன்று மணிக்குத் தட்டு மாற்றுவதாக ஏற்பாடு. மைசூர்பா பரிமாறுவதை ரோபோவிடம் விடச்சொல்லி அப்பாவிடம் அடம்பிடித்தேன். கரண்டியோடு வந்த பெரியப்பாவையும் உட்கார வைத்துவிட்டேன்.

முதல் இலையில் மாப்பிள்ளையின் தாய்மாமன். வழக்கப்படி இலைக்கு மேல் கையை விரித்தார். எங்கள் பக்கம் அந்தக் கைக்கு, இன்னும் இரண்டு தடவை கேள் என்று அர்த்தம். கெஞ்சி, கையை விலக்கி, வைத்துவிட்டுத்தான் நகர வேண்டும். ரோபோ சிரித்துவிட்டுப் போய்விட்டது. அடுத்தவரும் கை விரித்தார், அவருக்கும் சிரிப்பு. இப்படியே வரிசை முழுக்க. நான் பெருமையாக வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

மாமா பாதிச் சாப்பாட்டில் இலையை மூடினார். "ஏனுங்க, இன்னொன்னு வெச்சுக்குங்கன்னு சொல்லப் பொண்ணு ஊட்டுல ஆளில்லீங்களா?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நீங்கதானுங்க மாமா கை காட்டுனீங்க. அது கரெக்டா புரிஞ்சுக்கிச்சுங்க."

வரிசையே எழுந்தது. அப்பா வாசல்வரை கைகூப்பிக்கொண்டே போனார். மூன்று மணிக்கு மண்டபத்தில் நாங்களும் மைசூர்பாவும் மட்டும் இருந்தோம். இதற்காகவா சம்பந்தத்தை முறிப்பார்கள் என்று கேட்கலாம். முறித்தார்கள். மாப்பிள்ளையும் மாமா பின்னாலேயே கார் ஏறிவிட்டார். அந்த மாமா மேல் எனக்கு இன்றும் கோபம்தான். என் மேல் அதைவிட.

சாயங்காலம் சுதாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தவள், திரும்பாமலே உள்ளங்கையைக் காட்டினாள். "ஒண்ணுமில்லீங்ணா. நீங்க கெளம்புங்க." சரி என்று பெங்களூர் பஸ் ஏறிவிட்டேன்.

இன்றும் வீட்டில் நான் சாப்பிடும்போது கை காட்டினால், எல்லோரும் பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டுப் பாத்திரத்தோடு நகர்ந்துவிடுவார்கள். (பசியோடு எழுந்த நாட்கள் நிறைய.) போன பொங்கலன்று நான் அந்த ரோபோவைத் திட்டிக்கொண்டிருந்தபோது, சாம்பார் வாளியோடு நின்ற சுதா சொன்னாள்: "அதை எதுக்குங்ணா திட்டறீங்க? அதுவாச்சும் இலையைத்தானுங்க உட்டுப்போட்டுப் போச்சு."

அதற்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை.