மஞ்சள் தடவிய கண்டன நோட்டீஸ்

வந்திருந்தவர்கள்: மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்கும் எங்கள் சங்கத்து ஆட்கள், அவர்களுடைய மனைவிமார், மாமியார்மார், கைக்குழந்தைகள், மூங்கில்துறைப்பட்டுப் பக்கமிருந்து டிராக்டரில் வந்த கரும்பு வெட்டும் குடும்பங்கள், ஒரு தட்டு பேரீச்சம்பழத்தோடு மளிகைக்கடை பாய் வீட்டுப் பெண்கள், வெள்ளிமலையிலிருந்து இரண்டு ஜீப் நிறைய என் சொந்தக்காரர்கள். வராதவர்கள்: தலைமையுரை ஆற்றவேண்டிய மாநிலத் தலைவர், மைக் செட்காரர், அப்புறம் எந்தப் பேருந்துக்காக நாங்கள் கூடினோமோ அந்தப் பேருந்து.

இத்தனை பேரையும் கூட்டியது ஒரே ஆள். ஆர்ப்பாட்டத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து வீடு வீடாக அழைத்த மனிதப்பிறவி இந்த உலகத்தில் எங்கள் தாம்பாளத்தக்கா ஒருவர்தான். வேறு யாராவது இருப்பதாக நிரூபித்தால் என் செயலாளர் பதவியை ராஜினாமா செய்யத் தயார்.

அக்காவின் சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கள்ளக்குறிச்சி மார்க்கெட் கமிட்டியில் சாக்கு வாய் தைப்பது அவர் வேலை. கொண்டையில் கோணி ஊசி செருகியிருக்கும். இடுப்பில் ஒரு பித்தளைத் தாம்பாளம் இருக்கும். புருஷன் குடித்து விற்காமல் விட்டுப்போன ஒரே பித்தளைச் சாமான் அதுதான். "அதையும் தேடிக்கினு இருக்கிறப்பதான் செத்துட்டாரு" என்பார், துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடமே. சங்கத்தில் அவர் கிளைத் தலைவர். நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தத் தாம்பாளம் என்னை அதிரவைத்தது.

கூலி உயர்வுக்காகக் கமிட்டி அலுவலகத்தை முற்றுகையிட முடிவு செய்திருந்தோம். அதற்கு முந்தின நாள் அக்கா, வெற்றிலை, பாக்கு, வாழைப்பழத்தோடு கண்காணிப்பாளரின் அறைக்குள் போய்விட்டார். நானும் கூடப் போனேன்.

"சார், நாளைக்குக் காலையில உங்கள முற்றுகை போடறோம். ஒம்பதரைக்கு நல்ல நேரம். வூட்ல அம்மாவையும் கூட்டிக்கினு வந்துடணும்."

அவர் பழக்கதோஷத்தில் வெற்றிலையை எடுத்துக்கொண்டார். எடுத்த பிறகுதான் உறைத்தது.

"என்னை முற்றுகை போடறதுக்கு என்னையே எதுக்கும்மா கூப்பிடற?"

"நீங்க இல்லாம எப்டி சார் நடக்கும்? நீங்கதான மாப்ள!"

மறுநாள் அவர் லீவு போட்டுவிடுவார் என்று எல்லோரும் சொன்னார்கள். போடவில்லை. வெற்றிலையைக் கையால் வாங்கியவர் எப்படிப் போடுவார்? சலவைச் சட்டையோடு வந்து, எங்கள் நடுவில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். கூலி ஏறியது.

இப்போது பேருந்துக்கு வருகிறேன். நான் கல்வராயன் மலைக்காரன். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன். இரண்டாவதாகப் போகிறவள் என் தங்கை செவ்வந்தி. கள்ளக்குறிச்சியில் பன்னிரண்டாம் வகுப்பு. விடியற்காலையில் வெள்ளிமலையிலிருந்து ஒரு பேருந்து இறங்கும். கூலிக்குப் போகிறவர்கள், பலாப்பழம், புளி மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் அதில்தான். சாயங்காலம் அதுவே திரும்ப ஏறும். நட்டத்தில் ஓடும் தடங்களுக்கு அரசு கொடுத்துவந்த பணத்தை அந்த வருஷ பட்ஜெட்டில் வெட்டிவிட்டார்கள். அடுத்த மாதத்திலிருந்து எங்கள் பேருந்து கிடையாது என்று டிப்போவில் ஒரு தாள் ஒட்டினார்கள்.

அப்பா அதிகம் பேசுகிறவரில்லை. செவ்வந்தியைக் கூப்பிட்டார். "பஸ்ஸு இருக்கிற வரைக்கும் படி. பஸ்ஸு நின்னா நீயும் நின்னுடு." அவ்வளவுதான்.

சங்கத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பலர் உண்டு. எழுதப் பிடித்தவன் நான் ஒருவன்தான். ராப்பகலாக உட்கார்ந்து ஒரு நோட்டீஸ் தயாரித்தேன். 'உழைக்கும் மக்கள் வயிற்றில் அடிக்கும் நிதிக் குறைப்பைக் கண்டித்து மாபெரும் ஆர்ப்பாட்டம்.' பின்பக்கமும் நிறைத்திருந்தேன். உலகப் பொருளாதாரமே அதில் வந்துவிட்டது. அச்சகத்திலிருந்து கட்டாக எடுத்துவந்து அக்காவிடம் பெருமையாக நீட்டினேன்.

"எத்தினி பேரு வருவாங்க?"

"தெரியலக்கா. போன ஆர்ப்பாட்டத்துக்கு நம்ம ஆளுங்களவிட மஃப்டி போலீஸ்தான் ஜாஸ்தி."

"பின்ன? ரோட்ல நின்னுக்கினு குடுத்தா கடலை மடிப்பான். கல்யாணத்துக்கு மட்டும் குடும்பத்தோட எப்டி வரான்? வூட்டுக்குப் போய் கூப்புடறாங்க, வரான்."

சொல்லிக்கொண்டே மஞ்சளைக் குழைத்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, என் கண்டன நோட்டீஸின் நாலு மூலையிலும் மஞ்சளைத் தடவினார்.

நான் கட்டைப் பிடுங்கப் போனேன். "அக்கா! இது கண்டனம்!"

"கண்டனத்துக்கும் மொறன்னு ஒண்ணு இருக்குது. நீ வெள்ளச் சட்ட போட்டுக்கினு வா."

ஊர் முழுக்கப் போனோம். வாசலில் நின்று தாம்பாளத்தை நீட்டி, "குடும்பத்தோட வந்திருந்து நடத்திக் குடுக்கணும்" என்பார். பட்ஜெட் என்ற சொல் அவர் வாயில் வரவேயில்லை. ஒரு வீட்டில் ஒரு பெரியம்மா தாம்பாளத்தைப் பார்த்தார், அக்காவின் வெறும் நெற்றியைப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தாலியறுத்தவ குங்குமம் நீட்டலாமா?"

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அக்காவுக்கு முகம்கூட மாறவில்லை. "குங்குமத்த வுடு பெரிம்மா, வெத்தலைய எடு. பஸ்ஸு நின்னா ரெண்டு பேரும் ஒண்ணாதான் நடக்கப் போறோம். அப்ப உன் நெத்தி என்னவிட சீக்கிரம் வூடு சேருமா?"

பெரியம்மா வெற்றிலையை எடுத்துக்கொண்டார். குங்குமத்தையும்.

மலைக்கும் போனோம், அதே பேருந்தில். எங்கள் ஊரில் எல்லாருமே மாமன், அத்தை, சித்தப்பன்தான். ஒரு வீடு விடவில்லை. எங்கள் வீட்டில் அப்பா இல்லை. சாமைக் காட்டுக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டு அத்தையிடம் வெற்றிலையையும் நோட்டீஸையும் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டோம். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் காகிதத்தின் மூலையில் மஞ்சள் தெரியும். தாம்பாளம் தெரியும். பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் தலைகுனிந்து நின்ற நான் தெரிவேன்.

ஆர்ப்பாட்டத்தன்று பேருந்து நிலையத்தின் எதிரே போய் நின்றேன். கண்களை நம்ப முடியவில்லை. மூட்டை தூக்குகிறவர்கள் மகள் கல்யாணத்துக்குக்கூட உடுத்தாத பட்டுக்கரை வேட்டியில் வந்திருந்தார்கள். வெறுங்கையோடு ஒருவரும் இல்லை. அரிசி மூட்டை, பூசணிக்காய், தேங்காய், வாழைத்தார் எல்லாம் வரிசைத் தட்டாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன. டிராக்டரின் முன்னால் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். 'வெட்டாதே வெட்டாதே, நிதியை வெட்டாதே' என்று நான் தொண்டை கிழியக் கோஷம் போட்டேன். ஒரு பாட்டியம்மாள் என் சட்டையை இழுத்து, "பொண்ணு எங்கப்பா?" என்றார்.

நான் நோட்டீஸை அவர் கையில் கொடுத்தேன். அவர் மஞ்சளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அப்போதுதான் ஜீப்புகள் வந்து நின்றன. ஆர்ப்பாட்டம் என்று கேள்விப்பட்டு அன்று காலையிலேயே டிப்போக்காரர்கள் மலைப் பேருந்தை நிறுத்திவிட்டிருந்தார்கள்; ஜனங்கள் ஜீப் பிடித்து வந்திருந்தார்கள். முதலில் குதித்தவர் அப்பா. ஒரு கையில் மாலை, மறு கையில் மூங்கில் கம்பு. எது தேவைப்படும் என்று தெரியாமல் இரண்டையும் கொண்டுவந்திருந்தார்.

"எங்கடா அவ?"

"யாருப்பா?"

"எவள இஸ்துக்கினு வந்தியோ அவ! ஊருக்கெல்லாம் வெத்தல வெக்கத் தெரியுது, பெத்தவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லத் தெரியல?"

நான் நோட்டீஸைக் காட்டினேன். உலகப் பொருளாதாரத்தை விளக்கினேன். கம்பு மேலே போய்க்கொண்டேயிருந்தது. அக்கா நடுவில் வந்து தாம்பாளத்தை நீட்டினார். "வாங்கண்ணா. மொதல்ல ஒரு வாய் தண்ணி குடிங்க. அப்பறமா அடிங்க. கல்யாணமெல்லாம் இல்ல. பஸ்ஸ நிறுத்தறாங்க, அதுக்குத்தான் கூப்ட்டோம்."

அப்பா கம்பை இறக்கவில்லை, அதே ஜீப்பிலிருந்து புத்தகப் பையோடு இறங்கிய செவ்வந்தியிடம் திரும்பினார். "நீ படிச்சவதான? இதுல இன்னா எழுதியிருக்குதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்பா."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

அப்பா கம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டார். யூனிபார்மில் நின்றிருந்த எங்கள் வீட்டுப் பெண், அக்காவையே மிஞ்சிவிட்டிருந்தாள்.

பின்னாலிருந்து ஜீப்காரர், "வாடகையக் குடுத்துட்டு சண்ட போடுங்க" என்று சத்தம் போட்டார். அப்பா மடியை அவிழ்த்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு வெறும் மடியைப் பார்த்தார். "ஒரு தபா இறங்கறதுக்கு இவ்ளோவா? இந்தக் காசுல பஸ்ஸுல எவ்ளோ நாளு போய்வரலாம்!" யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம் மாலையை ஜீப்பின் கண்ணாடியில் மாட்டிவிட்டு, கம்பை எங்கள் கொடி கட்டக் கொடுத்துவிட்டார்.

ஆர்ப்பாட்டம் முடிந்தது, எல்லோரும் கலையலாம் என்றேன். அக்கா என்னை முறைத்தார். "வெத்தல வெச்சுக் கூப்ட்டவங்கள வெறும் வயித்தோட அனுப்புனா சங்கம் வெளங்குமா?" பார்த்தால், வரிசையாக வந்த அரிசியும் காயும் காலையிலிருந்தே அண்டாவில் வெந்துகொண்டிருக்கின்றன. மண்டபம்? அக்கா நெடுஞ்சாலையைப் பார்த்தார். நல்ல அகலம்.

தார் ரோட்டில் பாயை விரித்து, இலையைப் போட்டுவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் ஓடிவந்தார். "என்னம்மா இது, சாலை மறியலா?"

"ஐயோ இல்லீங்க. பந்தி."

"நடு ரோட்டுலயா? எல்லாரையும் எழுந்திரிக்கச் சொல்லு!"

"நீங்களே சொல்லுங்க. சோத்துல கை வெச்சவன எழுப்புற பாவம் எனக்கு வோணாங்க. உங்களுக்கும் புள்ளகுட்டி இருக்குதில்ல?"

இன்ஸ்பெக்டர் லத்தியை ஓங்கினார். எதிரே இலையில் சாம்பாருக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தது ஒரு குழந்தை. லத்தி அடிக்காமலே கீழே வந்தது. எத்தனையோ மறியலைக் கலைத்தவர் அவர். குண்டுக்கட்டாகத் தூக்கலாம், வேனில் ஏற்றலாம். ஆனால் இலையில் உட்கார்ந்தவரை எழுப்ப அந்த மனிதருக்குக் கை வரவில்லை. முதல் பந்தி எழுவதற்குள் அடுத்த பந்திக்கு இடம் பிடித்துவிட்டார்கள். தேங்கி நின்ற பேருந்துகளிலிருந்து பயணிகளும் இறங்கி வந்து உட்கார்ந்தார்கள். அப்பா எங்கிருந்தோ ஒரு சாம்பார் வாளியைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்.

டிப்போ அதிகாரி வந்தார். "நான் சாப்பிட வரலை" என்றார். "தெரியுங்க. பாயசம் மட்டும்" என்றார் அக்கா. பக்கத்து இலையில் செவ்வந்தியை உட்காரவைத்தார். அதிகாரி ஒரு வாய் குடித்ததும் செவ்வந்தி கேட்டாள்.

"சார், திங்கக்கிழமை எனக்குப் பரீட்சை. பஸ் வருமா?"

வாயில் பாயசத்தை வைத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளையிடம் இல்லை என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். அவர் விழுங்கினார். "காலை டிரிப் வரும்மா."

"சாயங்காலம்?"

"அது மேல கேக்கணும்."

அதற்குள் டம்ளர் காலியாகிவிட்டது. பாயசம் தீர்வதற்குள் எங்களால் பாதிப் பேருந்தைத்தான் மீட்க முடிந்தது. இன்றைக்கும் காலையில் மட்டும் அது இறங்குகிறது. சாயங்காலம் மலை அடிவாரம் வரை ஒரு பேருந்து, அங்கிருந்து ஷேர் ஜீப் என்று செவ்வந்தி திரும்புகிறாள். ஜீப் காசை அப்பா முணுமுணுத்துக்கொண்டே தருகிறார். ஆனால் அவளை நிற்கச் சொல்லவில்லை.

சாலையை மறித்ததற்கு எங்கள் மேல் வழக்கு வந்தது. அக்கா, நான், அப்பா, மூன்று பேர். அப்பா பெயர் எப்படி வந்தது என்று அதிர்ந்துபோனோம். போலீஸ் வீடியோவில் முதல் ஆளாக நிற்பது அவர்தானாம், வாளியோடு.

நீதிமன்றத்துக்கு அக்கா தாம்பாளத்தோடு வந்தார். நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். கேட்கவில்லை. தலைக்கு ஐந்நூறு அபராதம் என்று தீர்ப்பானது. சங்கத்துப் பணத்தை வெற்றிலை மேல் வைத்தவர், ஏதோ குறைகிறதே என்பதுபோல முந்தானை முடிச்சைத் துழாவினார். கிடைக்கவில்லை. அப்பா ஒன்றும் கேட்காமல் தன் மடியிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து அதன்மேல் வைத்தார்.

எழுத்தர் எண்ணிவிட்டு நிமிர்ந்தார். "என்னம்மா, ஒரு ரூபா ஜாஸ்தியா இருக்கு?"

"இருக்கட்டுங்க. மொட்டையா குடுத்தா அதோட உறவு முடிஞ்சிடும். சாயங்கால பஸ்ஸுக்கு நாங்க மறுபடியும் வரணுமில்ல?"

எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஆனாலும் யாரும் வரமாட்டார்கள், எல்லாரும் ஏற்கெனவே சாப்பிட்டாகிவிட்டது என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். வருவார்கள். என் கல்யாணத்துக்கும் வீடு வீடாக அழைக்கப்போவது அக்காதான், தாம்பாளம் வேறு யார் கையிலும் இருக்காது, குங்குமத்தோடுதான் போகும் என்று அப்பாவே சொல்லிவிட்டார்.

அன்று நீதிமன்றத்தில் எழுத்தர் ஆயிரத்து ஐந்நூறுக்குத்தான் ரசீது போட்டார். எங்களுக்கு ஆன செலவு ஆயிரத்து ஐந்நூற்று ஒன்று.