ஷாமினியின் பரீட்சையும் என் சோத்துக் கையும்

எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று நாலு வருஷம் பொறுத்துப் பார்த்தேன். ஆறுகிற வழியாகத் தெரியவில்லை, எனக்கும் வயது ஏறிக்கொண்டே போகிறது. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன். (படிக்கிறவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து படிக்கவும்.)

என் தம்பி மகள் ஷாமினி, ஈப்போவில் ஒரு கல்லூரியில் எக்ஸ்ரே எடுக்கிற படிப்பு படித்தாள். கீழ் மாடியில் மூச்சுக் கருவி பார்க்கிற படிப்பு, மேல் மாடியில் இவளுடையது. ஒரு செய்முறைப் பரீட்சை வந்தது. தேறினால் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். தேறாவிட்டால் கூட்டாளிகள் எல்லாம் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு போக, இவள் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தப் பரீட்சைக்கு நோயாளி மாதிரி நடிக்க ஓர் ஆளை மாணவர்களே கூட்டி வர வேண்டுமாம்.

"நெசமா கதிர் விட மாட்டாங்க அத்தை. கைய வச்சுக்கிட்டு சும்மா இருக்கணும், அவ்ளோதான் லா," என்றாள்.

"சும்மா இருக்கிறதுக்கு என்னைய விட்டா யாரு? நான் வாரேன்," என்றேன். (என் வாழ்க்கையில் நான் சும்மா இருந்த நாள் ஒன்றுகூடக் கிடையாது. அது அன்றைக்கு எனக்கு ஞாபகம் வரவில்லை.)

நோயாளி வேஷத்துக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு புந்தோங்கிலிருந்து புறப்பட்டேன்.

எட்டரைக்கு வரச் சொன்னார்கள். பதினொன்றாகியும் கூப்பிடவில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்" என்று சொல்லக்கூட ஒரு நாதி இல்லை. கீழே மூச்சுப் படிப்புப் பிள்ளைகள் யாரையோ ஒரு குழாயில் ஊதச் சொல்லி, "இன்னும்! இன்னும்!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழாயை அப்போது என் வாயில் வைத்திருந்தால் கட்டடமே குனோங் ராபாட் பக்கம் போய் விழுந்திருக்கும். பசி வேறு. கேன்டீனில் தேங்காய்ப்பால் சோற்றோடு சம்பலும் நெத்திலியும் வைத்துக் கட்டிய நாசி லெமாக் பொட்டலம் ஒன்று வாங்கிப் பிரிக்கப் போனேன், அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டார்கள். பொட்டலத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஏறினேன்.

உள்ளே ஒரு நீள மேசை, மேலே தொங்குகிற மெஷின், மூலையில் கண்ணாடி போட்ட ஒரு மேடம். முகத்தைப் பார்த்தாலே தமிழச்சி என்று தெரிந்தது. ஆனால் என்னைப் பார்த்து ஒரு தலையசைப்புகூட இல்லை. ஷாமினியிடம் இங்கிலீஷில் என்னமோ சொன்னார்.

ஷாமினி என் எதிரே வந்து நின்றாள். "வணக்கம்மா. ஒங்க பேரு என்ன?"

"என்னடி இது, என் பேரு ஒனக்குத் தெரியாதா?"

அவள் கண்ணால் கெஞ்சினாள். பேரைச் சொன்னேன்.

"ஐசி நம்பர் சொல்லுங்கம்மா."

"அடையாளக் கார்டா? அது ஒங்கப்பன்கிட்ட இருக்கு. கிளினிக்குல பதியணும்னு நேத்து வாங்கிட்டுப் போனான், திருப்பிக் குடுக்கல."

மேடம் என்னமோ எழுதினார்.

அடுத்துத்தான் வந்தது வினை. டாக்டர் சீட்டில் இருக்கிறபடி வலது மணிக்கட்டைப் படம் எடுக்க வேண்டும் என்பது பரீட்சை. வயசான தமிழ் ஆட்களிடம் வலது, இடது என்று சொன்னால் தடுமாறுவார்கள், 'சோத்துக் கை' என்று கேளுங்கள் என்று யாரோ இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதை அப்படியே ஒப்பித்தாள்: "அம்மா, ஒங்க சோத்துக் கைய மேசை மேல வைங்க."

வைத்தேன். இடது கையை.

ஏனென்றால் என் சோத்துக் கை அதுதான். சின்ன வயதில் அப்பா அடித்தார், வாத்தியார் கையைப் பின்னால் கட்டி வைத்தார், மாமியார் பந்தியில் ஓரமாக உட்கார வைத்தார். ஒருத்தராலும் மாற்ற முடியவில்லை. ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியது இந்தக் கை. ஷாமினிக்குச் சின்னப் பிள்ளையில் சோறு ஊட்டியதும் இதே கைதான். இருபது வருஷம் வாயைத் திறந்து வாங்கித் தின்றவள், அது எந்தக் கை என்று ஒரு நாளாவது பார்த்திருக்க வேண்டாமா?

அன்றைக்கும் பார்க்கவில்லை. எதிரே நின்றதால் என் இடது கை அவளுக்கு வலது பக்கம் தெரிந்தது, பதற்றம் வேறு. வலது பக்கம் என்று காட்டுகிற ஈய எழுத்து ஒன்றை எடுத்து என் இடது கைக்குப் பக்கத்தில் பயபக்தியோடு வைத்தாள்.

"ஸ்டாப்," என்றார் மேடம். எழுதிக்கொண்டே, "பேஷண்ட் கன்ஃபியூஸ்ட்," என்றார்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்த வார்த்தை தெரியும். என் மருமகன் கார் நிறுத்திய இடத்தைத் தேடும்போதெல்லாம் சொல்வான்.

"நான் ஒண்ணும் கன்ஃபியூஸ் இல்ல மேடம். புள்ள சோத்துக் கை கேட்டா. இதுதான் என் சோத்துக் கை."

"ஓகே மா, ஓகே மா," என்றார், அழுகிற குழந்தையைத் தட்டுகிற மாதிரி.

அந்த 'ஓகே மா'தான் என்னைக் கிளப்பியது. "நம்பலையா? இருங்க," என்று பைக்குள் கையை விட்டேன்.

"அத்தை, வேணாம்! அத்தை!" ஷாமினி மறந்துபோய் உறவு சொல்லிக் கத்தினாள்.

நாசி லெமாக்கை அந்த எக்ஸ்ரே மேசையிலேயே வைத்துப் பிரித்தேன். இடது கையால் பிசைந்து ஒரு வாய் போட்டேன். மேடத்தை முறைத்துக்கொண்டே மென்றேன். "பாத்துக்குங்க!" என்று கையை உதறினேன் பாருங்கள், சம்பல் படத்தட்டின் மேல் ஒரு கோடு, பட்டுச்சேலையில் ஒரு கோடு, மேடத்தின் தாளில் ஒரு சொட்டு. ஒரு நெத்திலி மேசை இடுக்கில் போனது. திரும்ப வரவே இல்லை.

ஷாமினி சுவரைப் பார்த்து அழுதாள்.

மேடம் தாளைத் துடைத்தார். பிறகு சுத்தமான தமிழில் பேசினார். (அவ்வளவு நேரம் அந்தத் தமிழ் எங்கே ஒளிந்திருந்தது?) "நீங்க சொல்றது சரிம்மா. தப்பு உங்க மேல இல்ல. ஆனா நாளைக்கு இவ ஒடஞ்ச கைய விட்டுட்டு நல்ல கையப் படம் எடுத்தா, அந்த நோயாளி கதி என்ன? சீட்டப் பாக்கணும், கையப் பாக்கணும். ரெண்டையும் பாக்கல."

என் கோபத்திலேயே பெரிய கோபம் அதுதான். அந்தம்மா சொன்னது சரி.

ஷாமினி தேறவில்லை. வீட்டு வாசலில் கேட்டாள்: "நான் எந்தக் கையக் கேட்டேன்னு ஒங்களுக்குத் தெரியாதா அத்தை?"

தெரியும். ஊரில் சோத்துக் கை என்றால் வலது கை. அது தெரியாமலா இத்தனை வருஷம் அடி வாங்கினேன்? 'ஒங்க' சோத்துக் கை என்று கேட்டதும் ரோஷம் முந்திக்கொண்டது. அந்த ரோஷத்துக்கு அவள் கொடுத்த விலை, மறு பரீட்சை வரைக்கும் அரை வருஷம். இதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

மறு பரீட்சைக்குப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூட்டிப் போனாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேறினாள். இப்போது கமுந்திங் பக்கம் வேலை. யார் வந்தாலும் கையைத் தொட்டு, "இந்தக் கைதானே?" என்று கேட்ட பிறகுதான் மெஷினைத் தொடுவாளாம்.

எங்கள் வீட்டில் இப்போது யாராவது எதையாவது நம்பவில்லை என்றால், "பொட்டலத்தைப் பிரிக்கட்டுமா?" என்பதுதான் பேச்சு. போன மாதம் ஷாமினிக்கு நிச்சயம். பந்தியில் மாப்பிள்ளையின் அம்மா, "ஒங்க குடும்பத்துல யாருக்கும் கோவமே வராதாமே, அப்படியா?" என்று கேட்டார். என் தம்பி சாம்பார் வாளியோடு நின்றபடி, "பொட்டலத்தப் பிரி அக்கா!" என்றான். எங்கள் பக்கம் மொத்தமும் சிரித்தது. சம்பந்தி முழிக்க, ஷாமினி அவர் காதில் முழுக் கதையையும் சொன்னாள்.

அந்தம்மா மெல்லத் திரும்பி என் இலையைப் பார்த்தார். நான் சேலைத் தலைப்பை ஒதுக்கிக்கொண்டு, நன்றாகத் தெரிகிற மாதிரி, இடது கையால் பெரிய உருண்டையாக உருட்டி வாயில் போட்டேன்.