செருப்புக்குப் பயந்த தோஷம்

மண்டபத்தில் உட்கார இடமில்லை. நின்றவர்களுக்கும் பாதிக் கால்தான் தரையில். எல்லோரும் 'துகள் ஞானி'யைப் பார்க்க வந்தவர்கள். இந்த ஞானிக்குத் தாடி இல்லை, லேப்டாப் இருந்தது. காலம் மாறும்போது காதில் பூ சுற்றுகிறவரும் மாற வேண்டாமா?

கூட்டத்தில் ஒருத்தி மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பெயிண்ட் தொழிற்சாலை இன்ஜினியர். தெளிக்கும் துளி எந்தப் பரப்பில் ஒட்டும், எதில் பட்டுத் தெறிக்கும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பது அவள் வேலை. அவளுடைய அத்தானுக்கு இளைப்பு நோய். ஞானியிடம் வாங்கிய தகட்டைச் சுவரில் மாட்டிய கையோடு, அக்கா இன்ஹேலரை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். மருந்து வாடை பட்டால் தகட்டின் சக்தி போய்விடுமாம். அன்றிலிருந்து அத்தான் உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறார். தங்கை எடுத்துச் சொன்னதற்கு, படித்த திமிர் என்று அக்கா வாயை அடைத்துவிட்டாள்.

திரையில் ஒரு வீடு தெரிந்தது. ஜன்னல் வழியே சிவப்புப் புள்ளிகள் நுழைந்து சுவரெல்லாம் அப்பிக்கொண்டன. அவைதான் தோஷத் துகள்கள் என்றார் ஞானி. கூட்டம் உச்சுக்கொட்டியது. சுவரில் தகட்டை வைத்தார். புள்ளிகள் அதில் பட்டு வந்த வழியே ஓடின.

"என்னை நம்ப வேண்டாம். கணினி பொய் சொல்லாது."

தங்கை மேடையேறினாள். தகட்டுக்குப் பதில் ஒரு செருப்பை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். செருப்புக்கு ஏது சக்தி என்று ஞானி சிரித்தார்.

"அதையும் கணினியே சொல்லட்டுமே."

கூட்டத்துக்கு அது நியாயமாகப் பட்டது. முன்வரிசையிலிருந்த அக்காவே, "வெச்சுக் காட்டுங்க சாமி, அவ வாய் அடங்கட்டும்" என்றாள்.

ஞானி விழித்தார். தங்கை லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, ஒரு செருப்பை வரைந்து சுவரில் வைத்தாள். சிவப்புப் புள்ளிகள் விழுந்தடித்துக்கொண்டு ஓடின. பிறகு தகட்டை வைத்து, செருப்புக்குத் தந்ததைப் போலவே அதற்கும் 'தெறி' என்றிருந்த அமைப்பை 'ஒட்டு' என்று மாற்றினாள். அத்தனை தோஷமும் தகட்டிலேயே ஈயாக மொய்த்தது.

"எங்க ஆபீஸ்லயும் இதே சாஃப்ட்வேர்தான். எதுல ஒட்டணும், எதுல தெறிக்கணும்னு நாமதான் அதுக்குச் சொல்லணும். நாங்க நிஜத் தகரத்துல பெயிண்ட் அடிச்சுப் பார்த்துட்டுச் சொல்றோம். இவர் எதைப் பார்த்துட்டுச் சொன்னார்னு கேளுங்க."

கேட்டார்கள். வைரஸ் என்றார் ஞானி. எதிரிகளின் சதி என்றார். பிறகு பின்வாசலைத் தேடினார்; அங்கும் தகடு வாங்கியவர்கள் நின்றிருந்தார்கள்.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அலமாரிச் சாவியைத் தங்கையின் கையில் திணித்து, "உன்கிட்ட வண்டி இருக்கு, நீ முன்னாடி போ" என்றாள்.

தங்கை வாசலுக்கு ஓடும்போது ஒரு பெரியவர் வழிமறித்தார். அந்தச் செருப்பை ஜன்னல் பக்கம் மாட்டணுமா, கதவுப் பக்கமா என்று பணிவாகக் கேட்டார்.

"கால்ல மாட்டிக்கிட்டு வீட்டுக்கு நடங்க, ஐயா. போற வழியில கொஞ்சம் யோசிங்க."