விஸ்வலிங்கக் கஷாயத்தில் குறைபாடு இல்லை

ஜார்ஜ்டவுன்,
சனிக்கிழமை காலை.

அன்பு மகள் டாக்டர் பிரஷாந்திக்கு, உன் பெரியப்பா, ஓய்வுபெற்ற பேராசிரியர் விஸ்வலிங்கம் ஆசியுடன் எழுதுவது. இங்கு நானும் பெரியம்மா செல்வநாயகியும் நலம். செபராங் ஜெயாவில் நீயும் நலமாக இருப்பாய். இல்லையென்றால் சொல், கஷாயம் அனுப்பிவைக்கிறேன். தொலைபேசியில் பேசினால் நீ குறுக்கே பேசுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம். பெரியம்மா படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள்.

என் ஆய்வுக் கட்டுரையிலிருந்து உன் பெயரை எடுக்கச் சொன்னாய். எடுத்துவிட்டேன், இடம் மிச்சம். ஆனால் நீ சொன்ன காரணத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. "பெரியப்பா, முதல் தடவ ரத்தம் எடுத்தப்ப அவங்க கடைசியா எப்ப சாப்பிட்டாங்கன்னு கேட்டீங்களா?" என்றாய். பல்கலைக்கழகத்தில் உடலியல் நடத்திய என்னிடம்! கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். பக்கத்து நாசி கண்டார் சோற்றுக் கடை ஜபருல்லாவையும் அவர் கடையாட்களையும் வைத்து ஆய்வு செய்ய நான் நோன்பு மாதத்தைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தானே? நோன்பிருப்பவர் வயிறு காலையில் காலியாக இருக்கும். வெறும் வயிற்றோடு வாருங்கள் என்று கெஞ்சுகிற வேலையை ஆண்டவனே எனக்காகப் பார்த்துவிட்டான். இப்படியொரு யோசனை உன் ஆஸ்பத்திரியில் யாருக்காவது வந்ததா? காலையில் கதவைத் தட்டி விரலில் குத்தினேன், சர்க்கரை எகிறிக் கிடந்தது. பெருநாள் முடிந்ததும் என் கறிவேப்பிலைக் கஷாயத்தைத் தினமும் குடிக்க வைத்து, மறுபடி காலையில் வெறும் வயிற்றில் குத்தினேன், சரசரவென்று இறங்கிவிட்டது. "கசப்பு தாங்கல சார்" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்த ஜபருல்லாவே அசந்துபோனார். கட்டுரையின் கடைசியில் 'ஆய்வின் குறைபாடுகள்' என்றொரு பகுதி வேண்டுமென்று கேட்டாயே, எழுதிவிட்டேன். "இல்லை" என்று.

இதற்காக நான் பட்ட பாடு உனக்கென்ன தெரியும்? நோன்பு மாதம் முழுக்க, பொழுது விடியுமுன்னே அந்தக் கடையில் தட்டும் கரண்டியும் மோதுகிற சத்தம். தூக்கமே போயிற்று. சுவரைத் தட்டித் திட்டியும் பார்த்தேன். "கொஞ்ச நேரம் சார், பாங்கு சொல்லிட்டா அடங்கிடும்லா" என்றார் ஜபருல்லா. அறிவியலுக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

அடுத்து, நான் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று நீ அழுதது. சொந்தக் கஷாயத்தை நம்பாதவன் ஊருக்கு எப்படிக் கொடுப்பான்? நிறுத்தியது நிறுத்தியதுதான். எனக்கு ஒன்றுமில்லை. தண்ணீர் நிறையக் குடிக்கிறேன், அது இந்த ஊர் வெயில். அடிக்கடி கழிவறைக்குப் போகிறேன், அது குடித்த தண்ணீர். எழுத்து மங்கலாகத் தெரிகிறது, அது கண்ணாடிக் கடைக்காரன் செய்த கோளாறு, அவனிடம் சண்டையும் போட்டாயிற்று. உடலியல் தெரிந்தவனுக்கு எல்லாவற்றுக்கும் விளக்கம் உண்டு. கழிவறையில் எறும்பு மொய்ப்பதுதான் தொல்லை. பழைய வீடு, அப்படித்தான் இருக்கும். நாளை வரும்போது நல்ல எறும்பு மருந்தாக வாங்கி வா.

கட்டுரை திங்களன்று போகிறது. மருத்துவ உலகம் என் வாசலில் வந்து நிற்கும்போது நீயும் கூட்டத்தில் நின்று கைதட்டு, கோபம் வைத்துக்கொள்ள மாட்டேன். கேள்விகள் குறைந்து, சகல சௌபாக்கியங்களும் நிறைந்து நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
ஒரு சொல்லையும் மாற்றிக்கொள்ளாத உன் பெரியப்பா,
விஸ்வலிங்கம்

பி.கு.: பாராட்டுவாள் என்று செல்வநாயகிக்கு இதை வாசித்துக் காட்டினேன். தட்டு, கரண்டி வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "விடியறதுக்கு முன்னாடி அத்தன தட்டையும் வச்சுக்கிட்டு அவங்க என்ன செஞ்சாங்கன்னு நெனச்சீங்க?" என்றாள். பக்கத்துக் கடைக்குப் போனேன். கேட்டேன்.

"ஸஹர் சாப்பாடு சார்! அப்புறம் பொழுது சாஞ்சாத்தானே திங்க முடியும்? பரோட்டா, ஆட்டுக்கறி, இனிப்பா தே தாரிக் டீன்னு நல்லா ஏத்திக்குவோம்லா. அதுக்கப்புறந்தான் நீங்க ஊசிய எடுத்துக்கிட்டு வருவீங்க" என்றார் ஜபருல்லா.

கடிதத்தைக் கிழிக்கப் போவதில்லை, நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். கட்டுரை திங்களன்று போகாது. மகளே, எனக்குப் பயமாக இருக்கிறது. எறும்பு மருந்து வேண்டாம். என் மாத்திரையை வாங்கிக்கொண்டு இன்றைக்கே வா.