சோடாச் சீட்டோடு சரணடைந்தவன்

இயேசு மரி சூசை

பத்தாங் பெர்ஜுந்தாய்,
11 ஜூன் 1952

மதிப்பிற்குரிய மைத்துனர் ஹியூபர்ட் அவர்களுக்குக் காப்ரியல் எழுதிக்கொள்வது. மலேரியாவைத் தவிர்த்துப் பார்த்தால் நானும் உங்கள் அக்காள் மாடில்டாவும் சுகம். கிள்ளானில் நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள். உங்களுக்கென்ன, பெண்பிள்ளையா இருக்கிறது.

உங்கள் மருமகள் ஃப்ளோராவின் முன்னேற்றத்தைக் கேளுங்கள். சிறுவயதில் அவள் கோயிலில் புதுநன்மை வாங்கியதற்கு எல்லோரும் ஜெபமாலை கொடுத்தபோது நீங்கள் மட்டும் வர்ணப்பெட்டி கொடுத்தீர்களே, அதன் பலன். தோட்டப் பள்ளிக்கூட டீச்சர் வேலையை விட்டுவிட்டு, டவுனில் முடிவெட்டும் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்து, 'ஃப்ளோரா விளம்பரச் சித்திர நிலையம்' என்று போர்டு மாட்டிவிட்டாள். கம்யூனிஸ்டுப் பயத்தில் ஊரே முள்கம்பிக்குள் இருக்கிறது, அரிசியை அளந்து கொடுக்கிறார்கள், ஊரடங்கு நேரத்தில் தலையை நீட்டினால் சுடுகிறார்கள். இந்தச் சமயத்தில் ஜனங்களுக்கு ரொம்பவும் குறையாக இருந்தது அழகான எழுத்துதான் என்று உங்கள் மருமகள் கண்டுபிடித்திருக்கிறாள்.

முதல் வேலை சோடாக் கம்பெனி சிவானந்தத்துக்கு. 'இந்தச் சீட்டைக் கொண்டுவருபவருக்கு ஒரு சோடா இலவசம்.' இதற்கு ஒரு துண்டுக் காகிதம் போதாதா? இவள் சுற்றிலும் கொடி வேலைப்பாடு, மேலே கிரீடம், இரண்டு பக்கமும் புலி, கீழே சிவானந்தத்துக்கு ஒரு ராஜ முத்திரை என்று வரைந்து ஆயிரம் அடிக்கக் கொடுத்துவிட்டாள்.

போன வாரம் காட்டிலிருந்து செல்லன் என்பவன் கைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். நம் தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவன்தான், மூன்று வருஷமாகக் கம்யூனிஸ்டுக்காரர்களோடு இருந்தான். சரணடைய வருகிறவர்களுக்கென்று விமானத்திலிருந்து பாதுகாப்புச் சீட்டு போடுகிறார்கள் அல்லவா, அதைக் காட்டினால் சுடமாட்டார்கள். செல்லனுக்குப் படிக்கத் தெரியாது. அவன் உயர்த்திக் காட்டியது சிவானந்தத்தின் சோடாச் சீட்டு.

கம்யூனிஸ்டுகளுக்கு ரகசியச் சீட்டு அடிக்கும் இடம் அகப்பட்டுவிட்டது என்று போலீஸ் வந்து ஃப்ளோராவைக் கூட்டிப்போனது. இந்த அவசரகாலச் சட்டத்தில் கேள்வியில்லாமலே வருஷக்கணக்கில் உள்ளே வைக்கலாம். உங்கள் அக்காள் மயங்கி விழுந்தாள். நான் ஓடினேன். தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணிக்கு இங்கிலீஷ் தெரியும் என்று என்னையே மொழிபெயர்க்க வைத்தார் வெள்ளைக்கார அதிகாரி. இரண்டு சீட்டையும் மேசைமேல் வைத்து, அரசாங்கச் சீட்டை விட்டு இதை ஏன் கொண்டுவந்தாய் என்று செல்லனைக் கேட்டார்.

"ரெண்டும் காட்டோரத்துல கெடச்சிச்சிங்க. அந்தத் தாளு லாண்டிரி ரசீது மாதிரி இருந்திச்சி. உசுரு வெசயம் லா, பாத்தாலே நம்பிக்க வரணுமில்ல?"

லாண்டிரியை விட்டுவிட்டு மற்றதை மொழிபெயர்த்தேன். அதிகாரி இரண்டு தாளையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு ஃப்ளோராவிடம், அரசாங்கச் சீட்டை இனி நீயே வரைந்து கொடு என்றார். நான் மாதாவுக்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள் இவள் இங்கிலீஷிலேயே பதில் சொல்கிறாள்: கையில் இரண்டு கல்யாணப் பத்திரிகை இருக்கிறதாம், அதற்குப் பிறகுதான் முடியுமாம். நான் அவசரமாக மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதிகாரியோ, தையற்காரனிடம் சட்டைக்குச் சொன்னவர் மாதிரி, சரி, அடுத்த வாரம் என்றார்.

வெளியே வந்ததும் பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"இருந்திச்சிப்பா. கை நடுங்குச்சி, அதான் மேசைக்குக் கீழ வச்சிக்கிட்டேன்."



ஆகையால் நீங்கள் உடனே புறப்பட்டு வரவும். இருபத்திரண்டாம் தேதி ஞாயிறு, செந்தூல் ரயில்வே மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் தாய்மாமனாக இருந்து நாலு அதட்டு அதட்டி, அந்தப் போர்டைக் கழற்ற வைப்பது உங்கள் பொறுப்பு. தேவமாதா உங்கள் குடும்பத்துக்குத் துணை நிற்பாளாக; எங்கள் வீட்டுப் பக்கமும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
காப்ரியல்

பி.கு.: வர வேண்டாம். இன்று மத்தியானம் மேனேஜர் துரை என்னைக் கூப்பிட்டு, கம்யூனிஸ்டுக்கு டிக்கெட் அடிக்கிற மகளை அடக்கத் தெரியாதா என்று கேட்டார். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகப் பதில் சொன்னேன். அந்தப் பதிலை எழுத முடியாது, உங்கள் வீட்டில் பிள்ளைகள் படிப்பார்கள். வேலை போயிற்று, மாதக் கடைசியில் தோட்டத்துக் குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறோம். செந்தூல்காரர்களுக்கும் வர வேண்டாமென்று எழுதிவிட்டேன். ஃப்ளோராவிடம் வேலை கேட்டேன். கையெழுத்து மாதிரி கேட்டாள். வேறு ஒன்றும் கையில் இல்லை, இந்தக் கடிதத்தைக் கொடுத்தேன். முழுதும் படித்தாள். எழுத்து நன்றாக இருக்கிறதாம், விஷயத்தைப் பாதியாக வெட்ட வேண்டுமாம். திங்கட்கிழமை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறாள்.