குளியலறை ஜன்னலில் ஓர் அன்னம்

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் ஆசிகளுடன் எழுதுவது. நானும் உன் அக்காவும் உடல்நலத்தில் குறைவின்றி இருக்கிறோம், பேச்சுவார்த்தையில்தான் இல்லை. உன் வீட்டில் உடல்நலம், பேச்சு இரண்டும் நன்றாக இருக்க விரும்புகிறேன்.

நான் ஓய்வுபெற்ற அன்று, "சும்மா உக்காராதீங்க அத்தான், கைவேலை ஏதாவது பழகுங்க" என்று வண்ணக் கண்ணாடி ஜன்னல் செய்யும் சாமான்களைப் பரிசளித்தாய். ஆயுசெல்லாம் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக அடுத்தவன் வேலையில் குறை கண்டவனுக்கு இது எம்மாத்திரம் என்று ஆரம்பித்தேன். காகிதத்தில் ஓர் அன்னம் வரைந்தேன். கட்டரால் கோடு கிழித்து மெல்ல அழுத்தினால் கண்ணாடி கோட்டோடு உடையும் என்று வீடியோவில் ஒரு பெண்மணி சிரித்தபடி சொன்னார். உடைந்தது, கோட்டைத் தவிர எல்லா இடத்திலும். கழுத்து போனதால் கழுத்தைக் குட்டையாக்கினேன், இறக்கை போனதால் வயிற்றைப் பெரிதாக்கினேன், கண்ணாடியே தீர்ந்துபோனதும் ஷோகேஸ் கதவில் கைவைத்தேன், துண்டுகளைச் செம்பு நாடா சுற்றி ஈயம் உருக்கி ஒட்டினால் சாப்பாட்டு மேசையும் கூடவே ஒட்டிக்கொண்டது.

பிறகு குளியலறை ஜன்னலின் சொரசொரப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அன்னத்தை மாட்டினேன். வெயில் பட்டுத் தரையெல்லாம் நீலமும் மஞ்சளும். எனக்கே கண் கலங்கிவிட்டது. மறுநாள் எதிர்வீட்டுப் பல் டாக்டர் என்னை வழிமறித்தார்.

"வாத்து அருமையா இருக்கு சார்."

"அன்னம்."

"எதுவா இருந்தாலும், அது வழியா நீங்க குளிக்கறது தெளிவாத் தெரியுது. நாங்க திரை போட்டுட்டோம். உங்க பாட்டு மட்டும் நிக்கல."

வண்ணக் கண்ணாடி வழியாகவும் ஆள் தெரியும் என்று அந்தப் பெண்மணி சொல்லவே இல்லை. நீயே சொல்லுப்பா, இதுல என் தப்பு என்ன இருக்கு?

உன் அக்கா ஜன்னலில் போர்வையைக் கட்டிவிட்டு, "இந்த வீட்ல அந்த வாத்து இருக்கணும், இல்ல நான் இருக்கணும். யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள். யோசித்தேன். அதுதான் வினையாகிவிட்டது. பேச்சை நிறுத்திவிட்டுப் பெட்டி கட்டுகிறாள். கலை என்றால் என்னவென்று அவளுக்கு எடுத்துச்சொல்ல நீ உடனே புறப்பட்டு வா.

குழந்தைகளுக்கு என் முத்தங்கள். எல்லோரும் நீடூழி வாழ்க.

உன் அத்தான்

பின்குறிப்பு: வர வேண்டாம். இதை மடிக்கும்போது உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். ஓடிப் பார்த்தேன். கோபத்தில் கட்டரை எடுத்து மிச்சமிருந்த ஷோகேஸ் கண்ணாடியைக் கீறிய உன் அக்கா, வளைந்த துண்டு ஒன்றைப் பிசிறில்லாமல் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஹால் ஜன்னல் எவ்வளவு அகலம்?" என்று கேட்டாள். அவள் கைக்கு அளவாக ஒரு ஜோடி கையுறை அனுப்பு. எனக்கு வேண்டாம். நான் எதையும் தொடக்கூடாதாம்.